மறு: ‘வித் போர்டு’ கூலி – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘வித் போர்டு’ (வேலை கொடுப்பவர் சாப்பாடும் போட்டுத் தரும் கூலி), ‘வித்தவுட் போர்டு’ (சாப்பாடு போடாமல் தரும் கூலி) இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை நேற்று இரவு உட்கார்ந்து அட்டவணைத் தலைப்பில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். படிக்கும்போது நன்றாக இருந்த பல சொற்கள், கீழே எண்ணை எழுதியதும் தப்பான பொருளைத் தருகின்றன.

புதிதாக இழைக்கு வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850, 1860, 1870 ஆகிய மூன்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் ‘சமூகப் புள்ளிவிவரம்’ என்று தனியாக ஒரு படிவம் உண்டு. ஊரில் அப்போது என்ன கூலி நடப்பில் இருந்தது என்று அதில் எழுத வேண்டும். பண்ணையாளுக்கு மாதத்துக்கு எவ்வளவு, போர்டோடு. நாட்கூலித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு. அதற்குப் போர்டோடு ஒரு கட்டம், போர்டு இல்லாமல் ஒரு கட்டம். தச்சருக்குப் போர்டு இல்லாமல் நாளொன்றுக்கு எவ்வளவு. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குப் போர்டோடு வாரத்துக்கு எவ்வளவு. அப்புறம், உழைப்பாளி ஒருவருக்கு ஒரு வாரப் போர்டுக்கு என்ன விலை. போர்டு என்றால் சாப்பாடு. பண்ணையாளுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் படுக்க இடமும் அதில் சேர்ந்தது.

> ‘உணவு உறைவிடம் உட்பட ஊதியம்’, ‘உணவு உறைவிடம் நீங்கலாக ஊதியம்’ என்று போட்டால் தெளிவாகிவிடும்.

எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது. ஆனால் எண்ணோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். பொருளியல் அறிஞர் ஸ்டான்லி லெபர்காட் இந்தப் படிவங்களிலிருந்து தொகுத்த தேசியச் சராசரிப்படி, 1850-இல் நாட்கூலித் தொழிலாளிக்குப் போர்டோடு 61 சென்ட், போர்டு இல்லாமல் 87 சென்ட். இப்போது ‘சாப்பாடு நீங்கலாக 87 சென்ட்’ என்று ஒருவரிடம் சொன்னால் என்ன புரிந்துகொள்வார்? சாப்பாடு தனி, அது போக 87 சென்ட் கையில் வந்தது என்றுதான். ‘சாப்பாடு உட்பட 61’ என்றால், சாப்பாட்டின் மதிப்பையும் சேர்த்தே 61 என்று நினைப்பார். உண்மை இரண்டிலும் நேர்மாறு. 61 வாங்கியவருக்குச் சாப்பாடு போட்டார்கள். 87 வாங்கியவர் தன் காசில் சாப்பிட்டார். ‘உட்பட’, ‘நீங்கலாக’ இரண்டும் தமிழில் தொகையைக் கூட்டிக் கழிக்கும் சொற்கள். இங்கே நமக்கு வேண்டியது, சோறு யார் செலவு என்று சொல்லும் சொல்.

இடையில் இருக்கும் 26 சென்ட்டைக் கவனியுங்கள். 87-இல் அது ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு. தலைப்பைத் தப்பாகப் படித்து இரண்டு ஊர்களின் கூலியை ஒப்பிட்டால் அவ்வளவு பிழை வந்துவிடும். அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

‘கூலி’ மரியாதைக் குறைவான சொல், ‘ஊதியம்’ என்றே வைக்கலாம் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் பொருளியல் பாடநூல்களில் பணக்கூலி, உண்மைக்கூலி என்று இந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. அங்கேயிருந்து வரும் மாணவர்தான் இந்த அட்டவணையையும் படிக்கப்போகிறார். கூலியே இருக்கட்டும்.

சரி, போர்டுக்கு வருவோம். ‘சோற்றுக்கூலி’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாயில் புழங்கும் சொல். ஆனால் நெல்லுக்கூலி என்றால் நெல்லாகக் கொடுக்கும் கூலி. அதே வாய்பாட்டில் சோற்றுக்கூலி என்றால் சோறு மட்டுமே கூலி என்றாகிவிடும். 61 சென்ட் காசு எங்கே என்று படிப்பவர் தேடுவார். தங்குமிடமும் அதில் விடுபட்டுப்போகிறது.

என் பரிந்துரை ‘உண்டுறை கூலி’. ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உண்டும் உறைந்தும் வேலை செய்பவர் வாங்கும் கூலி. நடுவில் ‘க்’ போடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உண்டுறைக் கூலி’ என்று வலி மிகுந்தால் நெல்லுக்கூலி போல ஆகிவிடும். மிகாமல் எழுதினால் சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. உண்டு உறைபவர் இருக்கிறார், கூலி தனியாக இருக்கிறது.

‘உண்துறை’யும் புணர்ந்தால் ‘உண்டுறை’தானே, சங்கப் பாட்டில் அது தண்ணீர் எடுக்கும் துறை அல்லவா என்று ஐயா ஒருவர் சுட்டிக்காட்டினார். சரியான கேள்வி. ஆனால் பக்கத்தில் கூலி என்று வரும்போது துறை யாருக்கும் நினைவுக்கு வராது என்றே நினைக்கிறேன். தனிப் பெயராக வரும் இடங்களில் ‘உண்டுறைவு’ என்று எழுதினால் அந்த ஐயமும் போய்விடும். ஒரு வாரப் போர்டின் விலைக்கு ‘வார உண்டுறைவு விலை’.

அடுத்தது ‘வித்தவுட் போர்டு’. ‘வெறுங்கூலி’ வேண்டாம். பெயரைக் கேட்டாலே குறைந்த தொகை என்று தோன்றும், ஆனால் அதுதான் பெரிய எண். ‘முழுக்கூலி’ என்றால் அரைக்கூலிக்கு எதிர்ச்சொல்லாகிவிடும். ‘தன்செலவுக் கூலி’ என்று வைக்கலாமா? சாப்பாடு தன் செலவு என்று நாம் பேச்சிலேயே சொல்கிறோம். உண்டுறை கூலி 61 சென்ட், தன்செலவுக் கூலி 87 சென்ட் என்று எழுதினால் எது ஏன் பெரியது என்று விளக்கக் குறிப்பே தேவையில்லை.

போர்டுக்குத் தனிச்சொல் தேவையா என்று கேட்டவருக்கு ஒரு செய்தி. மாசசூசெட்ஸில் லோவெல் நகரப் பருத்தி ஆலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் கம்பெனி விடுதிகளில் தங்கினார்கள். 1834-இல் கூலியைக் குறைத்ததற்காக வேலையை நிறுத்தினார்கள். 1836-இல் மறுபடி வெளியே வந்தார்கள். அந்த முறை காரணம், விடுதியின் போர்டுக் கட்டணத்தை ஏற்றியது. கூலி அப்படியே இருக்கும்போதே கையில் மிஞ்சுவது குறைந்துவிட்டது. உண்டுறைவு என்று ஒரு சொல் இல்லாமல் அந்தப் போராட்டத்தை எழுதுவது கடினம்.

> போர்டர் என்பதற்கு ‘வாடகைக் குடியிருப்பவர்’ போதுமே. சென்னையில் பேயிங் கெஸ்ட் என்கிறார்களே, அதுதான்.

காசு கொடுத்து ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர்தான் போர்டர். அதற்குப் பேயிங் கெஸ்ட் நெருங்கி வருகிறது. வாடகைக் குடி வரவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் ஆணையராக இருந்த கேரல் ரைட்டின் அலுவலகம் 1888 முதல் 1890 வரை 8,544 தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைத் திரட்டியது. அவற்றில் 6,809 அமெரிக்காவில், மற்றவை ஐரோப்பாவில். நிலக்கரி, கோக் என்னும் கல்கரி, இரும்பு, எஃகு, பருத்தி, கம்பளி, கண்ணாடித் தொழில்களில் இருந்த குடும்பங்கள். வருமானத்தைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று பிரித்துவிட்டு, போர்டர்களாலும் லாட்ஜர்களாலும் வந்ததைத் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தில் பணம் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில், திருமணமாகாத இரண்டு பேர் காசு கொடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்கு விடிவதற்கு முன்னால் சமைப்பது, மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது, கரி படிந்த துணியைத் துவைப்பது எல்லாம் அந்த வீட்டு அம்மாதான். ‘மனைவியின் வருமானம்’ என்ற கட்டத்தில் அவருக்கு ஒன்றும் இருக்காது. அவர் உழைப்பு பக்கத்துக் கட்டத்தில் கிடக்கிறது. அதை ‘வாடகை வருமானம்’ என்று தமிழாக்கினால், சுவர் சம்பாதித்துக் கொடுத்தது போல ஆகிவிடும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். போர்டரை ‘உண்டுறைவர்’ என்றும், படுக்க மட்டும் இடம் எடுத்த லாட்ஜரைத் ‘தங்குநர்’ என்றும் வைப்போம். உண்டுறைவர் என்று படித்ததும் சமைத்தது யார் என்ற கேள்வி தானாகவே வரும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. இல்லினாய் மாநிலத்துத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 1884 அறிக்கையில் குடும்பம் குடும்பமாக என்ன சாப்பிட்டார்கள் என்று பிரேக்ஃபாஸ்ட், டின்னர், சப்பர் என மூன்று வேளைக்கும் எழுதியிருக்கிறது. அங்கே டின்னர் மதியச் சாப்பாடு, சப்பர்தான் இரவுக்கு. என் முதல் வரைவில் டின்னரை இரவுணவு என்றே எழுதிவிட்டு, சப்பருக்கு இடமில்லாமல் நின்றபோதுதான் விழித்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது ‘டேபிள் போர்டர்’. வேறு எங்கோ தங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு வீட்டுக்கு வந்துபோகிறவர். ‘உண்பவர்’ என்றால் பொதுவாகிவிடுகிறது, ‘மெஸ் வாடிக்கையாளர்’ என்றால் கடை போலத் தோன்றுகிறது. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், மற்றவற்றோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்