மூக்கோரத்துக் கறுப்பு 'மச்சம்': சுடுவதற்கு முன் பயாப்ஸி

தோல் சிகிச்சை:
மூக்கோரம், கீழிமை, கண்ணின் உள்முனை. ஐம்பது வயதுக்கு மேல் இங்கே புதிதாக மச்சம் முளைத்தால் பேசல் செல் புற்றுநோயா (தோல் புற்றுநோயில் ஒரு வகை) என்று பார்த்தே ஆகவேண்டும். புத்தகப் படங்களில் இது இளஞ்சிவப்பாக இருக்கும்; அவை வெள்ளைத்தோலில் எடுத்தவை. நம் தோலில் பெரும்பாலும் கறுத்தே வரும், அதனால் மரு என்று விட்டுவிடுகிறார்கள். தோலை லேசாக இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். விளிம்பு தடித்து முத்துப்போல் மினுங்கும், நடுவில் பொருக்கு இருக்கும். பொருக்கு உதிரும், ரத்தம் கசியும், ஆறுவதுபோல் காட்டி மறுபடி பொருக்கு கட்டும். வலிக்காது. அதுதான் வில்லங்கம்.

சுண்ணாம்பு வைப்பது, பார்லரில் சுடுவது இரண்டுமே கூடாது. மேலே கருகித் தழும்பாகிவிடும்; மிச்சம் அடியில் வளரும்.

ஆய்வகம்:
சுட்டபின் அனுப்பினால் எங்களுக்குக் கரிதான் மிஞ்சும். பயாப்ஸிக்கு, அதாவது சிறு துண்டு திசு எடுத்துப் பரிசோதிப்பதற்கு, 3 அல்லது 4 மி.மீ. பஞ்ச் (வட்டக் கத்தியால் குத்தியெடுக்கும் துண்டு) போதும். பொருக்கின் நடுவில் எடுக்காதீர்கள், செத்த திசுதான் வரும். தடித்த விளிம்பில் எடுங்கள். மேலாகச் சீவினால் ஆழத்தில் வேர்விடும் வகை தவறிப்போகும். திசு கெடாமல் காக்கும் 10% ஃபார்மலின் திரவத்தில் போடுங்கள்; அளவு திசுவைப்போல் பத்து மடங்கு. சலைனில் போட்டு அனுப்பினால் செல்கள் சிதைந்துவிடும்.

அறுவை சிகிச்சை:
2 செ.மீ.க்குள், எல்லை தெளிவாக இருந்தால் சுற்றிலும் 4 மி.மீ. நல்ல தோலோடு வெட்டினால் சுமார் 95% பேருக்குக் கட்டி முழுசாக வந்துவிடும். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே எல்லையை மார்க் செய்யுங்கள். போட்டபின் தோல் உப்பி எல்லை மங்கிவிடும். 12 மணி திசையில் ஒரு தையல் போட்டு அனுப்பினால், எந்த ஓரத்தில் மிச்சம் என்று ஆய்வகம் சொல்லும்.

இதே புற்றுநோயில் தழும்புபோல் தட்டையாக, வெளிறி வரும் வகை வேறு கதை. கண்ணுக்குத் தெரிவதைவிட வெகுதூரம் பரவியிருக்கும். அதற்கு மோஸ் முறைதான் சரி: வெட்டியதை உறையவைத்து, அடியும் ஓரமும் முழுவதுமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். அந்த வசதி இல்லையென்றால், ரிப்போர்ட் வரும்வரை டிரெஸ்ஸிங்கோடு விடுங்கள். அவசரப்பட்டு ஃப்ளாப் திருப்பினால் (பக்கத்துத் தோலை நகர்த்திக் காயத்தை மூடினால்) ஓரங்கள் இடம் மாறி, மிச்சம் எங்கே என்று பிறகு தேட முடியாது.

தோல் சிகிச்சை:
களிம்பு பற்றி: இமிகுவிமோட் 5%, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். உடம்பில் மேலாகப் படர்ந்த வகைக்கு மட்டும். மூக்குக்கும் இமைக்கும் வேண்டாம். பூசிய இடம் சிவந்து புண்ணாகும், மருந்து வேலைசெய்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.