சாபத் தகட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது எப்படிச் சாபம்?

கேள்வி:
காரீயத்தை மெல்லிசாகத் தட்டி, எதிரியைச் சபித்து எழுதி, சுருட்டி, ஆணி அடித்து, கல்லறையிலோ கிணற்றிலோ போடுவது பழைய கிரேக்கர், ரோமானியர் வழக்கம் என்று தெரியும். ஆனால் கிரேக்கத் தகடுகள் பலவற்றில் சாபமே இல்லை, சாமி பேரும் இல்லை, வரிசையாக ஆட்கள் பெயர் மட்டும்தான். இதை ஏன் ஏதோ கணக்குப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது?

பதில் 1:
கணக்குப் பட்டியலை யாராவது ஆணி அடித்துப் பிணத்தோடு புதைப்பார்களா? மந்திரத்தை வாயால் சொல்லியிருப்பார்கள், தகட்டில் ஏற வேண்டியது ஆள் யார் என்பது மட்டும். ஏதென்ஸின் கெராமைக்கோஸ் கல்லறையில் ஒரு சின்ன ஈயப் பெட்டி கிடைத்தது, கி.மு. 400 வாக்கில் செய்தது. உள்ளே கைகளைப் பின்னால் கட்டிய ஈயப் பொம்மை, அதன் மேலேயே ம்னேசிமாகோஸ் என்று பெயர். மூடியில் அவனோடு இன்னும் சிலர், கூடவே 'இவர்களுக்காக வழக்கில் பேசுகிறவன், சாட்சி சொல்கிறவன் எவனானாலும்' என்று ஒரு வரி. கோர்ட் தகராறு, வேறென்ன! சில தகடுகளில் பெயரைப் பின்னிருந்து முன்னாகவும் எழுத்தைக் கலைத்துப் போட்டும் எழுதியிருப்பார்கள். பெயர் குழம்பினால் ஆளும் குழம்பிப் போவான் என்ற கணக்கு.

பதில் 2:
ரோமானியப் பேரரசுக் காலத்துக்கு வந்தால் பெயர் மட்டும் போதவில்லை, 'இன்னாள் பெற்ற இன்னான்' என்று தாய் பெயரையும் சேர்க்கிறார்கள். ஊர் வழக்கத்தில் அப்பா பெயர்தான், சாபத்தில் மட்டும் அம்மா. அப்பா யார் என்பதில் சந்தேகம் வரலாம், பெற்றவள் யார் என்பதில் வராது என்று காரணம் சொல்வார்கள். எகிப்திலிருந்து வந்த பழக்கம் என்றும் ஒரு கருத்து உண்டு. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தேர்ப்பந்தயத் தகடுகளில் ஓட்டுகிறவனோடு குதிரைகளின் பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், பாவம் அதுகள்!

கேள்வி கேட்டவர்:
சரி, எதிரி யாரென்றே தெரியாவிட்டால்? திருட்டுக்கெல்லாம் பெயருக்கு எங்கே போவது?

பதில் 3:
அதற்கு ரோமானியர் ஆட்சியில் இருந்த இங்கிலாந்தின் பாத் நகரத்தைப் பாருங்கள். சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் திருட்டுப் புகார். அன்னியானுஸ் என்பவனின் பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு போய்விட்டது. பெயர் தெரியாததால் ஓட்டையே இல்லாமல் அடைக்கிறான்: கிறிஸ்தவனோ அல்லாதவனோ, ஆணோ பெண்ணோ, பையனோ பெண்பிள்ளையோ, அடிமையோ சுதந்திரனோ, யாரானாலும். அதோடு விடாமல் பின்பக்கம் ஒரு பெயர்ப் பட்டியல் வேறு, சந்தேகப்பட்ட ஆட்களாக இருக்கும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஏதென்ஸ்காரன் எதிரி பெயரை எழுதுவான், தன் பெயரை அநேகமாக எழுத மாட்டான். அன்னியானுஸோ தன் பெயரைத் தைரியமாகப் போடுகிறான், ஏனென்றால் அவன் நினைப்பில் இது சூனியம் இல்லை, தெய்வத்திடம் கொடுக்கும் மனு.