கைல் டூபாஸை எதை வைத்து எடைபோடுவது?

பெரியப்பா: நட்சத்திர வீரர் மார்னர் ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான லீஃப்ஸை விட்டு வேகாஸ் அணிக்குப் போனதோடு, 2018 இல் கைல் டூபாஸ் பொது முகாமையாளராக வந்து கட்டிய அணியின் கதை முடிந்துவிட்டது. அவர் இருந்த ஐந்து பருவங்களில் பிளேஓஃப் எனும் பருவ இறுதிக்கட்டப் போட்டிகளில் ஒரு தொடரில் மட்டுமே வென்றோம். 1967 இற்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தைக் காணாத ரொறன்ரோவுக்கு அவர் செய்தது இவ்வளவுதான் என்றால், அவரைத் தோற்றவர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நான்: பெரியப்பா, 2018 யூலை 1 அன்று ஜோன் டவாரஸை ஏழு ஆண்டுகளுக்கு 77 மில்லியன் டொலருக்கு அவர் ஒப்பந்தம் செய்தபோது, நம் வீட்டில் மகிழாதவர் யாருமில்லை. ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு அப்போது 75 மில்லியனிலிருந்து 79.5 ஆக உயர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு 81.5 ஆயிற்று. இப்படியே ஏறும் என்று எல்லா அணிகளும் கணக்குப் போட்டிருக்க, கொரோனா வந்து அந்தத் தொகையை மூன்று பருவங்களுக்கு அசையாமல் நிறுத்தியது. மத்தியூஸ், டவாரஸ், மார்னர், நைலாண்டர் ஆகிய நட்சத்திர வீரர்கள் நால்வருக்குமே ஏறத்தாழ 40.5 மில்லியன், அதாவது பாதிப் பணம், போய்விட்டது. பெருந்தொற்றை எவரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது என்பதால், அந்தப் பழியை முழுவதும் அவர்மேல் போடுவது நியாயமில்லை.

மச்சாள் (மொன்றியல்): உச்சவரம்பு நின்றது அவருடைய தவறு அல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் விலை பேசியவர் அவர்தானே? 2019 இல் ஏழாவது ஆட்டத்தில் நம்மை வெளியேற்றிய பொஸ்ரனின் முதல் வரிசையை நினைத்துப் பாருங்கள்: பெர்ஜெரோன், மார்ஷான்ட், பாஸ்ட்ர்னாக் மூவரின் சம்பளத்தையும் கூட்டினால் 20 மில்லியனைத் தொடாது. டவாரஸும் மார்னரும் மட்டுமே கிட்டத்தட்ட 22 மில்லியன். நைலாண்டருடனான இழுபறி 2018 டிசம்பர் 1 மாலை ஐந்து மணிக் கெடு வரை நீண்டு, நிமிடங்கள் மிச்சமிருக்கும்போதுதான் கையெழுத்தானது. அணி பொறுக்காது, கடைசியில் இறங்கிவரும் என்று அதைப் பார்த்த மற்ற முகவர்கள் புரிந்துகொண்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அண்ணா: எனக்கு ஆறாத காயம் கத்ரிதான். 2018, 2019 இரண்டிலும் பொஸ்ரனுக்கு எதிரான தொடரில் ஆடத் தடைசெய்யப்பட்டார் என்பதற்காக, 4.5 மில்லியனுக்கு ஆடிய ஒரு மைய வீரரைக் கொலராடோவுக்கு அனுப்பினோம். பதிலுக்கு வந்த டைசன் பாரி ஒரே பருவத்தில் போய்விட்டார். 2022 இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், விரல் உடைந்து அறுவைச் சிகிச்சை முடித்து வந்த கத்ரி, மேலதிக நேரத்தில் பக்கை வலையின் மேற்பகுதிக்குள் செலுத்தினார். அது எங்கே போனது என்று சில கணங்கள் எவருக்குமே தெரியவில்லை. அந்த ஆண்டு கிண்ணம் கொலராடோவுக்கு.

நான்: கத்ரி விடயத்தில் நான் வாதாட மாட்டேன், அண்ணா. ஆனால் சிறிய பணத்தில் அவர் செய்த வேலையையும் சொல்லுங்கள். மைக்கல் பன்ரிங்கை 950,000 டொலருக்குப் பிடித்தார். அவர் முதல் வரிசையில் ஆடி, சிறந்த புதுமுக வீரர் விருதின் இறுதி மூவரில் ஒருவரானார். 2021 இளம் வீரர் தெரிவில் மூன்றே மூன்று வாய்ப்புகளை வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் மத்தியூ நைஸை எடுத்தார். முந்தைய முகாமையாளர் லாமொரெல்லோ விட்டுச் சென்ற, மூத்த வீரர் மார்லோவின் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட ஒரு முதற்சுற்றுத் தெரிவைக் கொடுக்க வேண்டிவந்ததும் டூபாஸின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. 2021–22 இல் 115 புள்ளிகள், அணியின் வரலாற்றிலேயே அதிகம்.

பெரியப்பா: 115 புள்ளிகள் எடுத்த அதே ஆண்டிலும் டம்பாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். என் குற்றச்சாட்டு 2018 பற்றியது அல்ல, 2021 பற்றியது. முதல் ஆட்டத்திலேயே டவாரஸைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள், அது துரதிர்ஷ்டம். ஆனால் மொன்றியலுக்கு எதிராக 3–1 என முன்னிலையில் இருந்துவிட்டு, மார்னர் ஒரு கோல்கூட அடிக்காமல், மீதி மூன்று ஆட்டங்களையும் இழந்தோம். அந்தக் கோடையில் நால்வரில் ஒருவரை மாற்றியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஹைமனை எட்மன்ரனுக்குப் போகவிட்டார். கோல் காப்பில் கம்பல், மரே, சம்சோனோவ் என்று ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார். தெரிந்த குறையைத் தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்டதற்குப் பெருந்தொற்று காரணமாகாது.

மச்சாள் (மொன்றியல்): பெரியப்பா சொல்வதே சரியான இடம் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் செய்த நாளில் தெரியாதவற்றுக்கு மன்னிப்பு உண்டு. தோல்விகள் தெளிவாகக் காட்டிய பிறகும் அதே நால்வரோடு நின்றதற்கு அவர்தான் பொறுப்பு.

அண்ணா: அவர் மட்டுமா? 2023 ஏப்ரல் 29 அன்று டம்பாவில் டவாரஸ் மேலதிக நேரத்தில் அடித்த கோலால் 2004 இற்குப் பிறகு முதல் தொடரை வென்றோம். புளோரிடாவிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றதும் மே 19 இல் அணி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஷனஹான் டூபாஸை அனுப்பிவிட்டார். மார்னரின் ஒப்பந்தத்தில், அவர் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற இடமாற்றத் தடை யூலை 1 அன்று நடைமுறைக்கு வர இருந்தது. மாற்றம் செய்ய ஆறு வாரமே இருந்த வேளையில் முகாமையாளரையே மாற்றியது யார்?

நான்: பின்னர் முகாமையாளராக வந்த ரெலிவிங் மத்தியூஸையும் நைலாண்டரையும் இன்னும் கூடிய விலைக்கு நீடித்தார், 2024 இல் பொஸ்ரனிடமும், 2025 இல் புளோரிடாவிடமும் மறுபடி ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். ஆகவே ஷனஹானின் பங்கைச் சேர்க்காமல் டூபாஸின் கணக்கை முடிக்க என்னால் இயலவில்லை.

பெரியப்பா: பங்கு உண்டு, மறுக்கவில்லை. கத்ரியும் 2021 கோடையும் டூபாஸுக்கு. 2023 இன் அந்த ஆறு வாரங்கள் ஷனஹானுக்கு. 2025 இல் மார்னருக்கு ஈடாகக் கிடைத்தது நிக்கொலா றுவா என்ற வீரர் ஒருவர்தான் என்பதில் இருவருக்கும் பங்குண்டு.