மரத்தளத்துக்கு அடியில் ஒப்போசம்: பிடிப்பதா, விட்டுவிடுவதா?

வேப்பம்பூ (சான் அன்டோனியோ, டெக்சஸ்):
பின்புற மரத்தளத்துக்கு அடியிலிருந்து இருட்டியதும் ஓர் ஒப்போசம் (பூனை அளவில் இருக்கும், வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் அமெரிக்க விலங்கு) வெளியே வருகிறது. தெருப்பூனைக்கு வைக்கும் உணவைத் தின்கிறது, உதிர்ந்த அத்திப்பழங்களைப் பொறுக்குகிறது. நேற்று எங்கள் நாய் அதை வேலியோரம் மடக்கியது. பல்லைக் காட்டிச் சீறிய ஒப்போசம் அப்படியே சரிந்தது. வாயில் நுரை, குடலைப் பிடுங்கும் நாற்றம். செத்துவிட்டது என்று மண்வெட்டியோடு போனால் ஆளையே காணோம்! வெறிநோயாக இருக்குமோ என்று கணவர் பயப்படுகிறார். கூண்டு வைத்துப் பிடித்து ஏரிக்கரையில் விடலாம் என்கிறார். மகளோ பெயரே வைத்துவிட்டாள், தட்டில் சோறு வைக்க வேண்டுமாம். யார் சொல்வதைக் கேட்பது?

கூடலூரான்:
இரண்டுமே வேண்டாம் அக்கா.

ஒப்போசத்துக்கு வெறிநோய் வருவது மிக அரிது. அதன் உடல் வெப்பம் குறைவாக இருப்பது காரணமாகலாம் என்கிறார்கள். நீங்கள் பார்த்தது பயத்தில் தானாக வரும் மயக்கம்; அது நினைத்து நடிப்பதில்லை. சில நிமிடத்திலும் தெளியலாம், சில மணி நேரமும் ஆகலாம். நாற்றம் வால் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. நாயை உள்ளே அழைத்துக்கொண்டால் போதும், எழுந்து போய்விடும். ஆனால் கையால் தொடாதீர்கள். வாயில் 50 பற்கள் இருக்கின்றன. கடித்துவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏரிக்கரை யோசனை மோசமானது. பல மாநிலங்களில் அனுமதியில்லாமல் காட்டுவிலங்கை இடம் மாற்றுவது குற்றம். அதுவும் பெண்ணாக இருந்தால் பையில் குட்டிகள் இருக்கலாம். ஒன்றைக் கொண்டுபோய் விட்டாலும், பூனை உணவு இருக்கும்வரை இன்னொன்று வரும்.

பனங்காடை:
இருக்கட்டும் விடுங்கள். ஒரு பருவத்தில் 5,000 உண்ணிகளைத் தின்னுமாம்!

கூடலூரான்:
அந்தக் கணக்கு, கூண்டில் அடைத்து வைத்த சில விலங்குகளைக் கொண்டு போட்டது. பிறகு காட்டு ஒப்போசங்களின் இரைப்பையை ஆராய்ந்தபோது உண்ணி கிடைக்கவில்லை. நத்தை, கரப்பான், செத்த எலி, ஏன், விரியன் வகைப் பாம்பைக்கூடத் தின்னும். அந்த நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. இதுவே போதாதா? இல்லாத புகழ் எதற்கு?

டெக்சஸில் கவனிக்க வேண்டியது தெள்ளுப்பூச்சி. ஒப்போசம், பூனை, எலி மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகள் டைபஸ் காய்ச்சலைப் பரப்புகின்றன. ஆகவே பூனைத் தட்டை மாலையிலேயே எடுத்துவிடுங்கள், அத்திப்பழத்தைக் கூட்டி அள்ளுங்கள், குப்பைத் தொட்டியை இறுக்கி மூடுங்கள், நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து கொடுங்கள். சோறு வைத்துப் பழக்குவதை மகளிடம் எப்படியாவது பேசி நிறுத்துங்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும்.

வேப்பம்பூ:
நன்றி. தளத்தின் அடியை அடைத்துவிடலாமா?

மலைச்சாரல்:
உடனே அடைத்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும். செய்தித்தாளைக் கசக்கி, அது வந்துபோகும் வாசலில் லேசாகத் திணியுங்கள். இரண்டு மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. ஒப்போசம் பொதுவாக ஒரே பொந்தில் நெடுநாள் தங்காது, சில நாளில் இடம் மாறும். பிறகு துரு ஏறாத கம்பி வலையை அடித்து, கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதையுங்கள். குட்டி தனியாகக் கிடந்தால் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பாருங்கள். சுமார் 18 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் தாயைப் பிரிந்த குட்டி. வனவிலங்கு மறுவாழ்வு மையத்தை அழையுங்கள். அதைவிடப் பெரிதென்றால், காயமில்லாதவரை விட்டுவிடலாம்.

பனங்காடை:
பக்கத்தில் குதிரை வளர்க்கிறோம். எங்களுக்கும் இதே யோசனைதானா?

கூடலூரான்:
உங்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ஒப்போசத்தின் எச்சத்தில் உள்ள ஒட்டுண்ணி குதிரையின் தண்டுவடத்தைத் தாக்கும். தீவனத்தை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், சிந்தியதை அன்றே பெருக்குங்கள், வைக்கோல் அறைக் கதவை இரவில் திறந்து போடாதீர்கள்.