புதுப்பிப்பு: காரைக்குடி மனைப்பிரிவில் ஃபைபர் குழாய் இறங்கிவிட்டது

போன பதிவில் கேட்டது இதுதான்: காரைக்குடி பக்கம் எங்கள் புது மனைப்பிரிவில் தார் ரோடு விழுவதற்கு முன்பே இன்டர்நெட் ஃபைபர் கேபிளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரு குழாய் பதிக்க வைக்க முடியுமா? முடிந்தது.

மனை போட்டவர் முதலில் பிடி கொடுக்கவில்லை. "எதுக்குண்ணே வீண் செலவு, கம்பெனிக்காரன் வந்தா அவனே தோண்டிக்குவான்" என்றார். அதுதானே பயமே! மூன்று கம்பெனி வந்தால் மூன்று தடவை ரோட்டைக் கொத்துவார்கள். இங்கே மேல்மண்ணைத் தாண்டினால் செம்புறாங்கல் வேறு. தண்ணீர்க் குழாய்க்கு ஜேசிபி நிற்கும்போதே இதையும் முடித்தால் வாடகை மிச்சம் என்றதும்தான் மசிந்தார்.

போட்டது 40 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாய். பின்னால் கேபிளை இழுக்க உள்ளே இழுகயிறு விட்டு இரண்டு முனையையும் மூடச் சொன்னேன். திறந்து கிடந்தால் ஒரே மழையில் செம்மண் இறங்கி அடைத்துக்கொள்ளும். தெருமுக்கில் கேபிளை இழுக்க, இணைக்க ஒரு சேம்பர் (மூடி போட்ட தொட்டி). கரண்ட் கேபிளுக்குத் தனிப் பள்ளம்.

ஃபைபருக்காகத் தெருவுக்குத் தெரு கரண்ட் பெட்டி வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஜிபான் என்பது ஒரே ஃபைபர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறை. அதில் ஒரு இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சிலும் வீட்டு மோடத்திலும் இருந்தால் போதும்.

கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்குத் தரமதிப்பீடு தர டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2024இல் ஒழுங்குமுறை கொண்டுவந்ததை மனை போட்டவரிடம் சொல்லி வைத்தேன். "அதை நோட்டீஸ்ல போடலாமாண்ணே?" என்கிறார் இப்போது. குழாயைக் குடியிருப்போர் சங்கத்தின் பேரில் எழுதித் தரும் பேச்சு மட்டும் பாக்கி.