மறு: ‘ஹாபிட்டஸ்’ – ‘பழக்கம்’ போதாதா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. சமூகவியல் மொழிபெயர்ப்புகளில் வரும் ‘ஹாபிட்டஸ்’ (வளர்ந்த சமூகச் சூழலால் உடலிலும் மனத்திலும் படிந்து, இயல்பைப்போலவே வெளிப்படும் போக்கு) என்ற கலைச்சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்பதுதான் நம் கேள்வி. பழைய மடல்களில் தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடையிடையே பதில் எழுதுகிறேன். நான் முன்வைக்கும் சொல் கடைசியில்தான் வருகிறது, அதுவரை பொறுத்தருள்க.

> ‘பழக்கம்’ என்று எளிமையாக வைத்தால் என்ன? இருக்கிற சொல்லை விட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, இதே கேள்வி பிரெஞ்சிலும் எழுந்ததுதான். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934-இல் உடலின் நுட்பங்கள் பற்றி உரையாற்றியபோது, பழக்கத்துக்குத் தம் மொழியில் நல்ல சொல் இருந்தும் அதை விலக்கினார். லத்தீன் சொல்லைத்தான் எடுக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லி ‘ஹாபிட்டஸ்’ஸை எடுத்தார். பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அவர் பேச வந்ததோ சமூகத்துக்குச் சமூகம், தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. முதல் உலகப்போரில் அவர் உடனிருந்த ஆங்கிலப் படையினருக்குப் பிரெஞ்சு மண்வெட்டி கைக்கு வரவே இல்லை. பிரெஞ்சுப் படைப்பிரிவு விலகி ஆங்கிலப் பிரிவு வரும்போதெல்லாம், பிரிவு ஒன்றுக்கு 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்தது என்கிறார். ஒருவர் இருவர் கையின் கோளாறு என்றால் இத்தனை மண்வெட்டி மாறுமா?

அவருடைய நீச்சல் கதையும் உண்டு. அவர் காலத்தில் நீந்தும்போது தண்ணீரை வாயில் வாங்கி நீராவிக் கப்பல்போல் துப்பக் கற்றுக்கொடுத்தார்கள். அது அசட்டுத்தனம் என்று தெரிந்தும் தம்மால் இன்னும் விடமுடியவில்லை என்கிறார். தெரிந்த பிறகும் உடல் கேட்கவில்லை, பாருங்கள். இந்த அழுத்தம் ‘பழக்கம்’ என்ற சொல்லில் ஓரளவு இருக்கிறது என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

> ‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று ஔவையார் சொன்னதைவிடவா?

அம்மா, அந்த வெண்பாவில் ‘நடையும் நடைப்பழக்கம்’ என்றும் வருகிறதே, அது மோஸுக்கு ரொம்பவும் பிடித்திருக்கும். நியூயார்க்கில் நோயுற்றுப் படுத்திருந்தபோது செவிலியரின் நடையை எங்கோ கண்டதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், திரைப்படத்தில். பாரிஸ் திரும்பினால் அங்கும் பெண்கள் அதே நடை நடக்கிறார்கள்!

ஆனால் வெண்பாவின் முடிவு நம்மைக் கைவிடுகிறது: ‘நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்’. ஹாபிட்டஸைப் பரவலாக்கிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ கைவைப்பது சரியாக அங்கேதான். பிறவிக்குணம் என்று நாம் ஒதுக்கிவைப்பதில் வீடு எவ்வளவு, பள்ளி எவ்வளவு, வர்க்கம் எவ்வளவு என்று கேட்கத்தான் அவருக்கு ஹாபிட்டஸ் தேவைப்பட்டது. ரசனை பற்றிய அவரது 1979 நூலின் அடிப்படை, 1,217 பேரிடம் எடுத்த ஆய்வு. எதைப் படம் பிடித்தால் அழகாக இருக்கும் என்று ஒரு கேள்வி. கடலில் சூரியன் மறைவது, மரப்பட்டை, முட்டைக்கோசு என்றெல்லாம் பட்டியல். படிப்பும் பின்புலமும் உயர உயர அந்திச் சூரியனை ‘மலிவு’ என்று தள்ளிவிட்டு, முட்டைக்கோசில் அழகு காண்பவர்கள் பெருகினார்கள். அவர்களைக் கேட்டால் ‘என் ரசனை, என் இயல்பு’ என்பார்கள். முட்டைக்கோசைப் படம்பிடிக்கும் பழக்கம் யாருக்கும் இருந்ததில்லை. ஆகவே இங்கே ‘பழக்கம்’ பொருந்தாது. முன்பு செய்ததையே திரும்பச் செய்வது பழக்கம். ஹாபிட்டஸோ இதுவரை எதிர்ப்படாத ஒன்றுக்கும் விடை தரும், அந்த விடையும் தம் வர்க்கத்தின் சாயலோடு இருக்கும். நம் சொல் இந்த ஆக்கத்தன்மையைத் தாங்கவேண்டும்.

> குறளில் ‘இனத்தியல்பு’ இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே.

இந்த ஆலோசனையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ‘இனத்தியல்பு’ வரும் 452-ஆம் குறளை எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் 454 இன்னும் கூர்மை: ‘மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு இனத்துள தாகும் அறிவு’. அறிவு ஒருவன் மனத்துக்குள் இருப்பதுபோலத் தோற்றம் காட்டுகிறது. உண்மையில் அது அவன் சேர்ந்த கூட்டத்தில் இருக்கிறது. அறிவின் சமூகவியல் வகுப்பை இந்த ஒன்றே முக்கால் அடியில் தொடங்கலாம். மருத்துவ அறிஞர் லுத்விக் ஃப்ளெக் 1935-இல் மேகநோய் (சிஃபிலிஸ்) ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதி, ஓர் அறிவியல் உண்மை உருவாவதற்கு ஒரு சிந்தனைக்கூட்டம் வேண்டும் என்று வாதிட்டபோது சொன்னதும் ஏறத்தாழ இதுதான். ‘கெட்டுப்போன இரத்தம்’ என்ற நூற்றாண்டுகள் பழைய எண்ணம் இல்லாவிட்டால் அந்நோயைக் கண்டறியும் வாசர்மன் இரத்தச் சோதனையை யாரும் அத்தனை பிடிவாதமாகச் செப்பனிட்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

ஆனால் சொல்லாக ‘இனத்தியல்பு’ இன்று செல்லாது. வள்ளுவர் காலத்து இனம், சேர்ந்து பழகும் கூட்டம். இன்றைய வாசகர் இனம் என்றதும் பிறப்பால் வரும் இனத்தை நினைப்பார். பூர்தியூ எதை மறுக்கிறாரோ அதையே அவர் தலையில் கட்டிவிடுவோம். அழகான சொல், ஆபத்தான இடம்.

மற்றவற்றைச் சுருக்கமாக: ‘மனப்பாங்கு’ வேறொரு கருத்துக்குப் போய்விட்டது, உடலையும் விட்டுவிடுகிறது. ‘வாழ்முறை’ ஹாபிட்டஸின் விளைவு. காரணத்துக்கு விளைவின் பெயரை வைக்கவேண்டாம். ‘வாசனை’ தத்துவ வழக்கில் (முன் அனுபவம் மனத்தில் விட்ட படிவு என்ற பொருளில்) வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது, ஆனால் ‘நீதிபதிகளின் வாசனை’ என்று எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

> நம் சொல் பண்பாட்டு நூலுக்கு மட்டுமா, மற்றத் துறை மொழிபெயர்ப்புக்கும் சேர்த்தா?

எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அதனால்தான் இந்தச் சொல்லுக்கு இத்தனை மெனக்கெடல். பூர்தியூவின் வழிவந்த சமூகவியலாளர் லோயிக் வாக்கான் 1988-இல் சிகாகோவின் குத்துச்சண்டைக்கூடம் ஒன்றில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் பயிற்சி செய்து, போட்டியிலும் இறங்கி, பிறகு அதை நூலாக எழுதினார். எதிராளியின் தோள் அசைவதற்குள் உடல் விலகுகிறது. யோசித்து விலகினால் அடி விழுந்திருக்கும். அந்த உடலறிவைக் கூடம் எப்படி ஊட்டுகிறது என்பதே நூலின் பொருள். சட்டத்துக்கு வந்தால், பூர்தியூவின் 1986 கட்டுரை. நீதிபதி சட்ட வாசகத்தைப் பார்த்து இயந்திரம்போல் தீர்ப்பெழுதுவதும் இல்லை, ஆள்வோர் சொல்வதை எழுதுவதும் இல்லை. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கல்வி, ஒரே மாதிரி தொழிற்பயிற்சி வழியே வந்தவர்களுக்கு ஒரே முடிவு ‘இயல்பாகவே’ படுகிறது. சட்டமொழியில் செயப்பாட்டுவினை மலிந்திருப்பதையும் அவர் சுட்டுகிறார். ‘நான் ஆணையிடுகிறேன்’ என்னாமல் ‘ஆணையிடப்படுகிறது’ என்று எழுதும்போது ஆள் மறைந்து, நடுநிலை தோன்றுகிறது.

குத்துச்சண்டை வீரரின் தோளுக்கும் நீதிபதியின் வாக்கியத்துக்கும் ஒரே சொல் வேண்டும். ஆகவே என் முன்மொழிவு: பயிலியல்பு.

பயில் + இயல்பு. வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்று நன்னூல் சொல்லும் வசதி இங்கே முழுதாகக் கைகொடுக்கிறது: பயின்ற இயல்பு, பயில்கின்ற இயல்பு, பயிலும் இயல்பு. கடந்தகாலம் உடலில் படிந்து, நிகழ்காலத்தில் வேலை செய்து, வரப்போவதையும் வார்க்கிறது என்பதைப் பூர்தியூ நீண்ட, முள் நிறைந்த வாக்கியங்களில் சொன்னார். நமக்கு இலக்கணமே அதைச் சொல்லிவிடுகிறது. ‘இயல்பு’ என்ற பாதியோ, அது இயற்கைபோல் தோன்றி ஏமாற்றுவதைக் காட்டுகிறது.

> ‘பயில்’ என்றால் முயன்று கற்பது. ஹாபிட்டஸ் அறியாமல் படிவது ஆயிற்றே?

இதுவரை வந்ததில் வலுவான மறுப்பு இது, தம்பி. இன்றைய பள்ளி வழக்கில் பயில்தல் படிப்புதான். ஆனால் ‘வண்டு பயில் சோலை’யில் வண்டுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அது அங்கே வந்து வந்து பழகுகிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் ‘பயிலியது கெழீஇய நட்பு’ என்பதும் நெடுநாள் பழகியதால் கெழுமிய நட்பு. அந்தப் பொருள் சொல்லுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது, தட்டினால் எழும். தவிர, வாக்கானின் கூடத்தில் முயன்று கற்றதும் அறியாமல் படிந்ததும் பிரிக்கமுடியாமல் கலந்தே கிடக்கின்றன.

> ‘பயிலியல்’ என்ற துறைப்பெயராக வாசித்துவிட மாட்டார்களா?

முதல் முறை வாசிக்கலாம். நூலில் முதலில் வருமிடத்தில் ‘பயில்-இயல்பு’ என்று கோடிட்டுக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

கடினமான ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். பூர்தியூ 1962-இல் தம் சொந்த வட்டாரமான பெயார்னின் கிராமம் ஒன்றில் நடந்த கிறிஸ்துமஸ் நடனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நகரப் பாணி உடையில் இளையவர்கள் ஆட, முப்பது கடந்த உழவர்கள் பழைய கோட்டும் தொப்பியுமாக ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள், ஆட இறங்குவதில்லை. மணமாகாமலே நின்றுவிட்டவர்கள். ‘அவர்களது பயிலியல்பு உருவான உலகம் போய்விட்டது, பயிலியல்பு மட்டும் உடலில் தங்கிவிட்டது.’ நெருடல் இல்லாமல் போகிறது என்றே நினைக்கிறேன். ‘பிளவுண்ட பயிலியல்பு’, ‘அறிவியலாளர் பயிலியல்பு’, ‘பயிலியல்புசார்’ எல்லாம் வாயில் நிற்கின்றன.

அகராதிக் குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். மருத்துவ நூல்களில் வரும் ஹாபிட்டஸ் வேறு; அதற்கு ‘உடல்வாகு’ நன்றாகவே இருக்கிறது, அங்கே பயிலியல்பைக் கொண்டுபோக வேண்டாம். அடுத்து, எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் ஜெர்மன் சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸுக்கும் அதையே போடுங்கள். அவர் 1939-லேயே ஜெர்மனில் ஹாபிட்டஸ் என்று எழுதினார். ஆங்கிலப் பெயர்ப்பில் அதை ‘ஆளுமை அமைப்பு’ என்ற பொருளில் ஏதேதோ ஆக்கிவிட, அவரும் பூர்தியூவும் ஒரே கருத்தைப் பேசுகிறார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போயிற்று. பின்னாளில் விளையாட்டைப் பற்றி எரிக் டன்னிங்கோடு அவர் எழுதியவையும் நம் பட்டியலில் இருப்பதால், தமிழில் அந்த விபத்து நடக்கக்கூடாது.

பூர்தியூவின் இன்னொரு கலைச்சொல்லான ‘டாக்ஸா’வுக்கு (கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கை) தனி இழை திறப்போம். அதையும் இங்கே இழுத்தால் இரண்டும் முடியாது. பயிலியல்புக்கு மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லை மேலே உள்ள ‘நீதிபதிகளின் …’ என்ற தொடரிலும் நடன வாக்கியத்திலும் பொருத்திப் பார்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.