தாத்தாவின் பாஸ்போர்ட்டில் ‘கண்ணனூர், முசிறி தாலுகா’ – ஊரைத் தேட யாராவது வழி சொல்ல முடியுமா?

சேரம்பாடி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் சேரம்பாடியில் இருந்து எழுதுகிறேன். என் அப்பா பிறந்தது இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1972இல் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது. தாத்தா காலமாகி வெகுநாள் ஆகிறது. அப்பாயி இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது.

தாத்தாவுக்கு எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கண்ணனூரா, கன்னானூரா, கண்ணூரா என்று எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். பக்கத்தில் ‘முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா’ என்று இருக்கிறது. இதைத் தவிர முகாமில் காட்டிய குடும்ப அட்டை இருக்கிறது. இலங்கையில் அட்டன் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த போட்டோ இருக்கிறது. அப்பாயியைக் கேட்டால், “மலை மேல செல்லியம்மா, பக்கத்துல பெரியசாமி, ஆள் உசரத்துக்கு மேல மண்ணு சிலை இருக்கும்னு மாமியார் சொல்லும்” என்கிறார். அவர் அதைப் பார்த்ததில்லை. அவர் பிறந்ததும் தோட்டத்தில்தான்.

இப்படித் தேடுகிறவர்களுக்கு அந்தந்த ஊரில் உள்ளவர்களே உதவி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முன்பின் தெரியாதவரிடம் போய் எப்படிக் கேட்பது, என்ன கேட்பது? அப்பாவை அழைத்துக்கொண்டு நேராகக் கண்ணனூருக்கே போய்விடலாமா? அவர் இப்போது அடிக்கடி இதைப் பற்றியே பேசுகிறார். அதனால்தான் தள்ளிப்போட மனமில்லை.

---

துறையூர் வாத்தியார்:

அம்மா, வணக்கம். துறையூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போலக் கோத்தகிரியில் இருந்தும் கூடலூரில் இருந்தும் வருகிறவர்களுக்கு என்னால் ஆனதைச் செய்து வருகிறேன். காசு எதுவும் வேண்டாம். என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தாலுகா. இன்றைய முசிறி தாலுகாவுக்குள் மட்டும் தேடாதீர்கள். துறையூர் அந்தக் காலத்தில் முசிறி தாலுகாவில்தான் இருந்தது, பிற்பாடுதான் தனித் தாலுகா ஆனது. துறையூர்ப் பக்கம் ஒரு கண்ணனூர் உண்டு. சமயபுரத்தை ஒட்டியும் ஒரு கண்ணனூர் உண்டு, கோயிலால் பெயர் பெற்றது அதுதான். திருச்சி என்றதும் எல்லோரும் சமயபுரத்துக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். உங்கள் தாளில் முசிறி என்று இருப்பதால் துறையூர்ப் பக்கத்தில் இருந்தே தொடங்கலாம். ஆனால் ஊர் பெயரை மட்டும் நம்ப முடியாது. பாஸ்போர்ட்டுக்கு மனு எழுதும்போது சொந்தக் குக்கிராமத்தின் பெயரைச் சொன்னால் யாருக்குப் புரியும் என்று பக்கத்துப் பெரிய ஊரைச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

உங்களிடம் உள்ளதில் பெரிய விஷயம் அப்பாயி சொன்ன அந்த ஒரு வரிதான். மலை மேல் செல்லியம்மன், பக்கத்தில் பெரியசாமி, பெரிய மண் சிலைகள் என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூரில் உள்ள பெரியசாமி மலை. சிறுவாச்சூரில் முதலில் குடியிருந்தவள் செல்லியம்மன் என்றும், மதுரகாளிக்கு இடம் கொடுத்துவிட்டு அவள் மலைக்குப் போய்விட்டாள் என்றும் கதை சொல்வார்கள். அங்கே இருந்த சுடுமண் சிலைகளை 2021இல் உடைத்துவிட்டார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த மலையைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் திருச்சி, பெரம்பலூர் பக்கமெல்லாம் உண்டு. அதனால் இது ஒன்றே ஊரைக் காட்டிவிடாது. ஆனால் கண்ணனூரிலும் சுற்றுப்பட்டிலும் அந்த மலைக்குப் போகிற பங்காளிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டால் தேட வேண்டிய வீடுகள் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

அடுத்து, நிலப் பதிவேடு. எல்லோரும் பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்று அங்கேதான் முதலில் ஓடுகிறார்கள். கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். இல்லாத நிலத்துக்கு ஏது பட்டா? அதோடு துறையூர் வட்டாரத்தில் ஜமீன் ஊர்கள் பல. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்து, அதற்குப் பிறகுதான் அந்த ஊர்களில் சர்க்கார் கணக்கு சீராக ஏறியது. உங்கள் குடும்பம் அதற்கு முன்பே போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தோட்டக் கூலி வேலைக்கு ஆட்கள் போவதை 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தடை செய்துவிட்டது.

நான் தேடுவது கோயில் நோட்டு. திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள் இல்லையா, அந்த வரி எழுதிய நோட்டு. நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு, அட்டை போயிருக்கும், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பூசாரி வீட்டுப் பரணிலோ நாட்டாமை வீட்டுப் பெட்டியிலோ கிடக்கும். ஒரு நோட்டில் ஒரு பெயருக்கு நேரே ‘கண்டியில்’ என்று எழுதி, தொகைக்குக் கோடு இழுத்திருந்தது. அடுத்த வருஷக் கணக்கில் அதே பெயருக்குக் கீழே ‘தம்பி கட்டியது’ என்று இருந்தது. தம்பியின் பேரன் இன்றும் அதே தெருவில் இருந்தார். அந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் கோத்தகிரிக் குடும்பம் ஒன்று பங்காளியைக் கண்டுபிடித்தது. பழைய மொய் நோட்டுகளும் இதே போலத்தான். யார் வீட்டுக்கு யார் செய்முறை செய்தார்கள் என்பதைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். ஊர்க் கணக்கைப் பார்த்த பழைய மணியக்காரர், கணக்குப்பிள்ளை குடும்பங்களையும் விட மாட்டேன். அந்தப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன, வீட்டில் இருந்த காகிதங்கள் சில இடங்களில் அப்படியே இருக்கின்றன.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் போனால் முதல் கேள்வி ‘எந்தத் தெரு’ என்றுதான் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் பெரியவர்கள் பலர் சாதியைச் சொல்லாமலே வளர்த்தார்கள், சிலர் மாற்றியும் சொன்னார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் அப்பா நடுத்தெருவில் நின்று சந்திக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலில் நான் போய் விசாரிக்கிறேன், பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் அவரை அழைத்து வாருங்கள்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவரைக் கங்காணி என்பார்கள்; தாத்தா எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார் என்று அப்பாயியிடம் கேளுங்கள். கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் கட்டினார்கள். உங்கள் தாத்தாவை ஊரில் மறந்திருப்பார்கள். ஊருக்கு வரும்போது பட்டுத் துண்டும் கைக்கடிகாரமுமாக வந்த கங்காணியை மறந்திருக்க மாட்டார்கள்.

---

மலைநாட்டு இளையவன்:

அக்கா, நான் அட்டனில் இருந்து எழுதுறேன். ஐயா சொன்ன கங்காணி விஷயம் மிகச் சரி. இந்தப் பக்கம் என்ன செய்யலாம் என்று நான் சொல்றேன். நாங்கள் சில பேர் சேர்ந்து தோட்டங்களில் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்துகொண்டு இருக்கிறோம்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதா? அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளை என்றாலும் பிறப்பைத் தோட்டத்து நிர்வாகம் பதிவாளருக்கு அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பிறந்த ஆண்டும் தோட்டத்தின் பெயரும் கட்டாயம் தேவை. எங்கள் சான்றிதழில் தகப்பனார் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. அதற்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று இன்னொரு கட்டம். 1948 குடியுரிமைச் சட்டத்தில் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதை வைத்துத்தானே நம் சனத்தை நாடில்லாத ஆட்களாக்கினார்கள். அந்தக் கட்டம்தான் இப்போது உங்களுக்கு உதவும். அப்பாவின் சான்றிதழில் தகப்பனார் பிறந்த இடம் இந்தியா என்று இருந்தால் உங்கள் தாத்தா கைப்பிள்ளையாகவோ சிறுவனாகவோ வந்தவர். தோட்டத்தின் பெயர் இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போக வேண்டும்.

தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, கிடைக்கும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1972லும் 1975லும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இப்படிக் கை மாறியதில் பழைய காகிதம் மிஞ்சியிருப்பது சந்தேகம். அதைவிட, அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இந்தியாவுக்குப் போகாமல் நின்றுவிட்ட குடும்பம் ஒன்றாவது இருக்கும். அவர்களைத் தேடித் தருவது என் பொறுப்பு. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று. அப்பாயி எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எந்த டிவிசன், மேல் லயமா கீழ் லயமா என்பதும் வேண்டும்.

இன்னொன்று அக்கா. தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடினார்களா, அண்ணன்மார் கதையான பொன்னர் சங்கர் கூத்துப் போட்டார்களா என்று கேளுங்கள். பொன்னர் சங்கர் என்றால் மணப்பாறை அருகே உள்ள வீரப்பூர்ப் பக்கத்துச் சனம் அந்தத் தோட்டத்தில் இருந்திருக்கலாம். நிச்சயமில்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள்.

---

கோத்தகிரி அண்ணன்:

தங்கச்சி, நாங்களும் 1970களில் வந்த குடும்பம்தான். எங்கள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம், பெரம்பலூர்ப் பக்கம். நான் சொல்ல வருவது ஒரே விஷயம்.

பங்காளி வீட்டுக்குள் போனதும் முகம் மாறும். பாசம் இல்லாமல் இல்லை. நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயம். இருப்பது ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ, அதையும் அண்ணன் தம்பி நான்கு பேர் பிரித்திருப்பார்கள். அந்த நேரத்தில் ‘நாங்களும் இந்த வீட்டு ஆட்கள்’ என்று நாம் போய் நின்றால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். எங்களைக் கூட்டிப்போன உள்ளூர்ப் பெரியவர் திண்ணையில் உட்காரும் முன்பே, “இவங்க சொத்துக்கு வரல, சாமி கும்பிட வந்திருக்காங்க” என்று சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது, காபி வந்தது, பழைய போட்டோ வந்தது. நீங்களும் பத்திரம், பட்டா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். வீட்டுக்காரர்கள் சம்மதிக்காமல் எதையும் போட்டோ எடுக்க வேண்டாம்.

அப்புறம், இலங்கையில் இருந்து வந்த குடும்பம் என்று கேட்டால் அகதியா என்பார்கள். கண்டிக்குப் போனவங்க வீடு எது என்று கேளுங்கள், கிழவிகளுக்கு உடனே புரியும்.

---

சேரம்பாடி மகள்:

வாத்தியார் ஐயா, தம்பி, அண்ணன், மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுதியதை அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். ‘எந்தத் தெரு’ பற்றி ஐயா எழுதியதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவர் சொல்றபடியே செய்யலாம்” என்றார்.

அப்பாயியிடம் கங்காணியைப் பற்றிக் கேட்டதும் பெயர், அவர் மகன் பெயர், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைத்தது என்று கொட்டிவிட்டார். போனில் பதிவு செய்திருக்கிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று நினைக்கிறேன், ஐயாவுக்குத் தனியாக அனுப்புகிறேன். கங்காணியின் ஊர் கண்ணனூர் இல்லையாம். “உப்பிலியபுரம் போற வழியில” என்று தாத்தா சொல்வாராம். தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து நடந்ததாம் தம்பி, தாத்தா அதில் பெண் வேஷம் கட்டியிருக்கிறார். இது எங்கள் யாருக்குமே தெரியாது!

அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் பெட்டியில் இருந்தது. தகப்பனார் பிறந்த இடம் இந்தியா என்றுதான் இருக்கிறது. பாட்டனார் கட்டத்தில் ஒரு கோடு.

---

துறையூர் வாத்தியார்:

அம்மா, தகப்பனார் பிறந்த இடம் இந்தியா என்று இருப்பதும் பாட்டனார் கட்டத்தில் கோடு போட்டிருப்பதும் நல்லதாகப் போயிற்று. தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்பது உறுதியாகிவிட்டது. உப்பிலியபுரமும் துறையூர்ப் பக்கம்தான், அந்த வழியில் உள்ள ஊர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கங்காணி பெயரை அனுப்புங்கள். அவருடைய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் எந்தெந்த ஊர்களில் ஆள் கட்டினார் என்பது தெரிந்துவிடும். கண்ணனூரில் மலைக்குப் போகும் பங்காளிகள் யார் என்றும் இந்த வாரமே கேட்கிறேன்.

அப்பாவை அழைத்து வரும் நாள் திங்களோ வெள்ளியோ ஆக இருக்கட்டும். சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் நடை அந்த இரண்டு நாளும்தான் வழக்கமாகத் திறக்கும். பெரம்பலூர் வந்துவிட்டால் கோயிலைப் பார்த்துவிட்டுத் துறையூருக்கு பஸ் ஏறலாம். பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் போதும், அசலைப் பயணத்தில் கொண்டு வர வேண்டாம். அட்டன் போட்டோவை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நான்கைந்து பிரதி எடுத்து வாருங்கள். கண் மங்கிய பெரியவர்கள் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.